நாற்பது பங்குக்குக் காய்ச்சிய பால்

வீட்டின் அறுபது பங்கு முதன்முதலாக எழுந்து நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு. சம்பூர்ணம் அப்போதுதான் அடுப்பில் இட்லிக் குண்டாவை ஏற்றிவிட்டு, விளக்கேற்றத் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு பூஜை அறைக்கு வந்திருந்தாள். திரியைத் தூண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அடுப்படி இல்லை, ஹால் இல்லை, குளியலறை இல்லை, ஹால் சோபாவில் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த புருஷன் சென்னியப்பனும் இல்லை. தரையில் போட்டிருந்த காவிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த அத்தனையும், இட்லிக் குண்டாவின் ஆவிகூட அடங்காமல், சோளத்தட்டு அறுத்துக் கிடந்த காட்டின் மேல் ஆடி அசைந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தது. காவிக்கோட்டுக்கு இந்தப் பக்கம் தலைவாசலும் பூஜை அறையும் கன்னிமூலைப் படுக்கையறையும் மட்டும் நின்றன. "அட கெரகமே, சட்னிக்கு இன்னும் தாளிக்கவே இல்லையே" என்றாள் சம்பூர்ணம்.

மாதுளை கார்டனில் மொத்தம் முப்பத்திரண்டு வீடுகள். முப்பத்திரண்டின் அறுபது பங்கும் அதே நேரத்துக்கு எழுந்து, மேய்ச்சலுக்குப் போகிற எருமைகள் மாதிரி வரிசை பிடித்து, ஒன்றையொன்று இடிக்காமல் காட்டைக் கடந்து போயின. எதிர்வீட்டு வசுமதி ஈரத்தலையில் துண்டோடு தன் வாசலுக்கு வந்து நின்றாள்.

"உங்களுதும் போயிருச்சுங்களாக்கா?"

"போயிருச்சு கண்ணு."

"எனக்குக் குக்கர் மூணு விசில் வெக்கோணும். ரெண்டுதான் வந்துச்சு. மூணாவது அங்க போய்த்தான் வருமாட்ட இருக்குது."

அவ்வளவுதான் பேச்சு. ஐயோ அம்மா என்று ஒருவரும் அலறவில்லை. அலறினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், கேட்டால் நம் வீட்டில் மட்டும் என்னவோ குறை என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயம் அங்கே ஒவ்வொருத்தருக்கும் இருந்தது. ஆகவே எல்லோரும் ஏதோ காற்று வாங்க வந்தவர்கள் போல அவரவர் வாசலில் நின்று, போகிற வீடுகளைப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கிற கொஞ்சத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

இந்தக் கூத்து ஒரு விளம்பரத்தில் ஆரம்பித்தது. 'பாதிகூட வாங்க வேண்டாம், முழுசாகக் குடியிருங்கள்! கிராமத்து மணம், நகரத்துச் சுகம்!' என்று கோயமுத்தூர் பஸ்களின் முதுகிலெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். வீட்டில் நூற்றுக்கு நாற்பது பங்கை நாம் வாங்கிக்கொள்வது, மீதி அறுபது கம்பெனியுடையது, அதற்கு மாசாமாசம் வாடகை கட்டிவிடுவது, கையில் சேரச் சேர அந்த அறுபதையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டே போவது. நகரத்திலிருந்து இருபதே நிமிஷம் என்றும் போட்டிருந்தது. ஹெலிகாப்டரில் போனால் சரியாக இருக்கும். மாதுளை கார்டன் என்று பெயர்தானே தவிர, வெள்ளக்கரட்டுப்பாளையத்தில் காலம் காலமாகச் சோளம் விளைந்த அந்த மண்ணில் மாதுளை முளைத்ததும் கிடையாது, முளைக்கப் போவதும் கிடையாது. நுழைவு வளைவில் சிமெண்டில் செய்த இரண்டு மாதுளம்பழங்கள் மட்டும் தொங்கின. கிராமத்து மணத்துக்காக வந்தவர்கள் குடிவருவதற்கு முன்பே, பக்கத்துக் காட்டில் மாராக்காளின் மாட்டுக் கொட்டகை நாற்றம் தாங்கவில்லை என்று கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தார்கள். அவர்களுக்கு வேண்டிய மணம் புட்டியில் வருகிற மணமாக்கும்.

சம்பூர்ணத்துக்கு மணமும் வேண்டாம், சுகமும் வேண்டாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பத்தொன்பது வருஷம் அவள் மச்சாண்டார் வீட்டின், அதாவது புருஷனின் அண்ணன் வீட்டின், பின்னால், தறி ஓடிக்கொண்டிருந்த குடோனைத் தடுத்து எடுத்த ஒற்றை அறையில் குடியிருந்தாள். பிள்ளை குட்டி இல்லை. குழாய் மட்டும் முன்வீட்டில் இருந்தது. அவள் குடத்தை வைத்துக் குழாயைத் திறக்க வேண்டியதுதான், ஓரகத்தி திருமாத்தாள் எங்கிருந்தாலும் குரல் கொடுப்பாள்: "யாரு ஊட்டுத் தண்ணின்னு நெனச்சு இப்படித் தொறந்து உடறே?" லைட்டைப் போட்டால் "யாரு ஊட்டுக் கரண்டு?" துணி காயப் போட்டால் "யாரு ஊட்டுக் கொடி?" பத்தொன்பது வருஷமும் அவள் குழாயைப் பாதிக்கு மேல் திறந்ததில்லை. ஒரு நாளாவது ஒரு குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, குடம் நிறைந்து வழிகிற வரைக்கும் யார் குரலும் கேட்காமல் நிற்க வேண்டும். அதற்காகத்தான் கழுத்தில் கிடந்ததையும் கையில் கிடந்ததையும் கழற்றிக் கொடுத்தாள். அவள் நகை என்பதாலும், பொம்பளை பேரில் பதிந்தால் செலவு குறையும் என்று யாரோ சொன்னதாலும், நாற்பது பங்கின் பத்திரம் அவள் பேரில் ஆனது.

சென்னியப்பனுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. நூல் மில்லில் சூப்பர்வைசர். சட்டையை இஸ்திரி போடாமல் தெருமுனைக்குக்கூடப் போகாத ஆள். நாலு பேர் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு அண்ணனிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவன் வீடு வாங்கியதே அதற்குத்தான்.

வாங்கினதெல்லாம் சரிதான், நாற்பது எது, அறுபது எது என்பதில்தான் வினை வந்தது. கம்பெனியின் சேல்ஸ் மேனேஜர் ஜெயக்கண்ணன், டை கட்டிய கழுத்தை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, ஆன மட்டும் சொன்னான்.

"சார், அப்படிப் பிரிக்கறது கிடையாது. ஒவ்வொரு செங்கல்லுலயும் நாற்பது உங்களுது, அறுபது எங்களுது."

"அதெப்படிங்க? இது எம்பட ஊடுன்னு தொட்டுக் காட்டறக்கு ஒரு செவுரு வேண்டாமா?" என்றான் சென்னியப்பன். முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் அதையேதான் கேட்டார்கள். வாஸ்து பார்க்கிற வையாபுரியை வரவழைத்தார்கள். அவர் காவிப்பொடி டப்பாவோடு வந்து வீடு வீடாகக் கோடு போட்டார். தலைவாசல் நமக்கு, லட்சுமி வருகிற வழி. பூஜை அறை நமக்கு. கன்னிமூலை படுக்கையறையைக் கண்டவனுக்கு விடலாமா, அதுவும் நமக்கு. அடுப்படி புகை, குளியலறை அசிங்கம், ஹாலில் வந்தவன் போனவன் கண்ணெல்லாம் படும்; அந்த மூன்றும் கம்பெனிக்குத் தொலையட்டும் என்று ஒருவர் பாக்கியில்லாமல் தள்ளிவிட்டார்கள். இப்படிச் சாமியை வைத்துக்கொண்டு சோற்றைத் தள்ளிவிட்ட புத்திசாலிகளை வேறெங்கும் பார்க்க முடியாது.

அடுத்தது புண்ணியார்ச்சனை, புதுவீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகுகிற சடங்கு. இங்கேதான் சென்னியப்பனுக்கு ஒரு ரோசனை உதித்தது. நம்முடைய நெய்யும் நம்முடைய மந்திரமும் எதற்காகக் கம்பெனிக்காரன் அறுபதுக்குப் போக வேண்டும்? புண்ணியத்தில் பெரும்பங்கு அவனுக்கல்லவா போய்ச் சேரும்? நாற்பதுக்கு மட்டும் செய்தால் போதும் என்றான். அந்த ரோசனை ஒரு மணி நேரத்தில் முப்பத்திரண்டு வீட்டுக்கும் பரவியது. ஐயர் மட்டும், "பாதி வீட்டுக்குன்னு தனி மந்திரம் எனக்குத் தெரியாதுங்களே" என்று தயங்கினார். முழு மந்திரத்தையே மெதுவாகச் சொல்லுங்கள், பாதியில் நிறுத்திக்கொள்ளலாம் என்று சமாதானம் சொன்னார்கள். மாராக்காளின் செவலை மாட்டை, எந்தக் கொட்டகை நாறுகிறது என்று மனுக் கொடுத்தார்களோ அதே கொட்டகையிலிருந்து, மஞ்சள் குங்குமம் வைத்துக் கூட்டி வந்தார்கள். தலைவாசல் வழியாக நுழைந்த மாடு காவிக்கோடு வரைக்கும் போகும்; அங்கே மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் திருப்பிவிடுவார்கள். முப்பத்திரண்டு வீட்டிலும் திருப்பினார்கள்.

அடுப்பையும் தூக்கிப் பூஜை அறைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். "ஏனுங்க, பாலு பொங்கி அடுப்படியில வழியறதுதானே மொறை?" என்று சம்பூர்ணம் ஒரு தரம் கேட்டாள். "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று சென்னியப்பன் சொன்னான். பால் பொங்கியது, வழிந்தது, தரையில் ஓடிக் காவிக்கோட்டைத் தொட்டது, தொட்ட இடத்தில் நின்றுவிட்டது. ஒரு சொட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. பாலுக்கே விவரம் தெரிகிறது பார் என்று சென்னியப்பன் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டான்.

வரவேற்காத பங்கு எதற்காக வீட்டில் இருக்கும்? மூன்று வாரம் பொறுத்தது. நாலாவது ஞாயிறு கிளம்பிவிட்டது.

போன இடமும் தூரமில்லை. இரண்டு காடு தள்ளி, கம்பெனி இரண்டாம் கட்டம் போடப்போகிறோம் என்று கல் நட்டிருந்த பொட்டலில் முப்பத்திரண்டு அறுபதும் வரிசையாக நின்றுகொண்டன. கம்பெனி பஸ்ஸில் வீடு பார்க்க வந்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. தலைவாசல் இல்லாத வீட்டுக்கு ஜெயக்கண்ணன் சாமந்திப்பூவில் வளைவு கட்டி வைத்துவிட்டான், வளைவுக்குள் நுழைந்தவர்கள் அடுப்படி மேடையைத் தட்டிப் பார்த்தார்கள், குழாயைத் திறந்து பார்த்தார்கள், சூப்பர் என்றார்கள். வீடுகள் நடந்து வந்ததைப் பற்றிக் குடியிருப்பவர்களில் யாரோ அவனிடம் கேட்டதற்கு, கம்பெனியின் பங்கு கம்பெனி வேலைக்கு வந்திருக்கிறது, இதில் என்ன சார் இருக்கிறது என்று அவனே திருப்பிக் கேட்டான். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அறுபதுகள் திரும்பி வந்து, அதனதன் இடத்தில், அதனதன் காவிக்கோட்டை ஒட்டி உட்கார்ந்தன. ஹால் முழுக்கச் செருப்புத் தடமும் பிஸ்கட் காகிதமும் கிடந்தது.

குடியிருப்போர் சங்கம் கூடியது. தலைவர் அர்த்தநாரி, ஓய்வு பெற்ற தாசில்தார்; மனிதர் தும்மினால்கூடத் தீர்மானமாகத்தான் தும்முவார். வீடு ஏன் நடக்கிறது, எப்படி நிறுத்துவது என்று அங்கே யாரும் பேசவில்லை. வெளியே தெரிந்தால் ரேட்டு இறங்கிவிடும், ஆகவே வாயைத் திறக்கக் கூடாது என்பது முதல் தீர்மானம். சொந்தக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றால், கோயிலுக்குப் போகிறோம் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது. திறந்து கிடக்கிற பக்கத்தில் யாரும் துணி காயப்போடக் கூடாது என்பது மூன்றாவது. சம்பூர்ணம் எழுந்து, "அடுப்பில்லாம நாங்க எங்கீங்க ஆக்கறது?" என்று கேட்டாள். அது அஜெண்டாவில் இல்லை என்றார் அர்த்தநாரி.

பிறகு எல்லாம் பழகிப்போனது. சனிக்கிழமையே ஆக்கி மூடி வைத்து, ஞாயிற்றுக்கிழமை பூஜை அறையில் உட்கார்ந்து பழையதைத் தின்றார்கள். ஒன்பது மணிக்குள் குளித்துவிடுவது என்று வழக்கம் வைத்துக்கொண்டார்கள். கணக்கு வாத்தியார் திருமூர்த்தி ஒரு வாரம் மறந்து, உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு குளியலறையிலேயே போய்ச் சேர்ந்து, ஈரோட்டுக் குடும்பம் ஒன்று கதவைத் திறந்து பார்த்து, ஷவர் வேலை செய்கிறதா என்று அவரிடமே கேட்டுவிட்டுப் போன பிறகு ஒருத்தரும் மறப்பதில்லை. இதைவிடப் பெரிய கேவலம் ஒன்று பின்னாலேயே வந்தது. ஊரார் பார்க்கப் போகிறார்கள் என்பதால் ஆளாளுக்குத் தங்கள் பங்கை விட்டுவிட்டுக் கம்பெனி பங்கைத் துடைக்க ஆரம்பித்தார்கள். பூஜை அறையில் ஒட்டடை தொங்கும், அடுப்படிக்கு இத்தாலி டிசைன் திரை வாங்குவார்கள். "எங்க கிச்சனத்தான் அதிகம் போட்டோ எடுத்தாங்களாமா" என்று வசுமதி சொல்ல, "எங்க வாஷ்பேசினுக்கு முன்னாடி நின்னு ஒரு புள்ள அழுதே போட்டாளாம், அத்தன அழகாம்" என்று இன்னொருத்தி சொல்ல, திங்கட்கிழமை முழுக்க இதே பீத்தல்தான். அடுப்பில்லாமல் பட்டினி கிடந்த வாய்கள் பேசுகிற பேச்சா இது!

சென்னியப்பனுக்கோ அந்த முதல் ஞாயிறே யோகம் அடித்துவிட்டது. சோபாவோடு போய் இறங்கியவனை வந்தவர்கள் வீட்டுக்காரர் என்று நினைத்துக்கொண்டு, எப்படி சார் இருக்கிறது இங்கே என்று கேட்க, அவனும் காலை இறக்காமலேயே, "நூத்துக்கு நூறு சொந்த ஊட்டுல இருக்கற நெனப்புத்தானுங்க" என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு மூன்று வீடு விற்றதாம். ஜெயக்கண்ணன் அவனுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்து, அடுத்த வாரம் புதுச்சட்டை கொடுத்து, அதற்கடுத்த வாரம் 'மகிழ்ச்சியான உரிமையாளர்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டான். அதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலமே சென்னியப்பன் தலையணையை எடுத்துக்கொண்டு சோபாவுக்குப் போய்விடுவான், எங்கே வீடு தன்னை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுமோ என்று. என்ன பேச வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை மனப்பாடம் செய்து சோறு தின்னும்போதும் சொல்லிப் பார்த்துக்கொள்வான். "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?" என்று சம்பூர்ணம் கேட்டால், "காத்தோட்டம், வெளிச்சம், மன நிம்மதி" என்பான்.

தை பிறந்தது. ஊரெல்லாம் வீடு பார்க்கிற மாசம். அறுபதுகள் சனிக்கிழமையும் போக ஆரம்பித்தன, பிறகு புதன்கிழமையும், பிறகு ஒரு திங்கட்கிழமை போனவை அந்த வாரம் முழுக்கத் திரும்பி வரவேயில்லை. சென்னியப்பனும் வரவில்லை, மில்லுக்கு லீவு போட்டுவிட்டான். சம்பூர்ணம் தலைவாசலைப் பூட்டிக்கொண்டு உள்ளே வந்தால் காவிக்கோட்டுப் பக்கம் சுவரே இல்லாமல் சோளக்காடு திறந்து கிடந்தது. பூட்டுக்கு என்ன அர்த்தம்? கட்டிலில் படுத்தால் கௌதாரி வந்து எட்டிப் பார்த்தது. படுக்கையறையில் மூன்று கல்லைக் கூட்டிச் சோறாக்கினாள், தண்ணீருக்கு மாராக்காளின் கொட்டகைக்குக் குடத்தோடு நடந்தாள். புருஷனுக்குப் போன் செய்தால், "அனுசரிச்சுப் போ, சீசன் முடியட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டான். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, ஆனால் அதை எந்தப் பக்கம் பார்த்துக் கத்துவது என்று தெரியவில்லை.

எட்டாவது நாள் திருமாத்தாள் போன் செய்தாள். அவளாகப் போன் செய்கிறவளே இல்லை.

"என்ன சம்பூர்ணம், நேத்து நாங்க உங்கூட்டுக்கு வந்தம், உன்னையத்தான் காணம். நீ ஊருக்குப் போயிட்டீன்னு கொழுந்தனாரு சொன்னாரு. அவருதான் எல்லாஞ் சுத்திக் காட்டுனாரு. அடுப்படி பரவால்ல. பைப்பத் தொறந்து பாத்தேன், தண்ணி ஜோரா வருது. சித்தெ நேரம் அப்படியே உட்டுப் பாத்தேன்."

சம்பூர்ணம் போனைக் கட்டில் மேல் வைத்தாள். குழாய் அவளுடையது, அவள் வாங்கின குழாய், அல்லது வாங்கப் போகிற குழாய். அதை முதன்முதலில் முழுசாகத் திறந்து வேடிக்கை பார்த்தவள் திருமாத்தாள். குடிவந்த நாளிலிருந்து, கம்பெனியின் அறுபதாயிற்றே என்ற கூச்சத்தில், சம்பூர்ணம் அந்தக் குழாயையும் பாதிதான் திறந்துகொண்டிருந்தாள். அது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

குடத்தை எடுத்துக்கொண்டு மாராக்காளிடம் போனாள். மாராக்காளுக்கு முப்பத்தைந்து வயசிருக்கும், புதுவீடுகளுக்கு மாட்டை வாடகைக்கு ஓட்டிப் போவதே பிழைப்பு, வாயைத் திறந்தால் வசவுதான்.

"உங்க கார்டனுக்கு வந்துட்டுப் போன நாள்லருந்து எஞ்செவலை நாலு காம்புல ரெண்டுதானக்கா கறக்குது" என்றாள். "முப்பத்திரண்டு ஊட்டுல உள்ள கூட்டிப் போயி நடுவால திருப்பி உட்டா எந்த மாடு பொறுக்கும்? மனுசனத் திருப்பி உட்டாலே ஏழு வருசத்துக்குப் பேசமாட்டான். உங்காளுக புத்திய என்னன்னு சொல்றது, மாட்டோட கோமியம் வேணும், மாடு நாறுதுன்னு மனு வேற!"

"மிச்சத்துக்கும் ஓட்டிட்டு வர்றயா, மாராக்கா?" என்று சம்பூர்ணம் கேட்டாள்.

மாராக்காள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பாலு எம்பட செவலையோடதே கொண்டாறேன். ரெண்டு காம்புப் பாலுதான். போதுமில்ல?"

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, மற்ற சனங்கள் எல்லாம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்க, சம்பூர்ணம் ஒரு சொம்புப் பாலோடும், பின்னால் மாராக்காள் செவலையோடும், சோளத்தட்டுக் கட்டைகள் காலில் குத்தக் குத்த நடந்தே வந்தாள். மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண் பேரும் ஊரும் கேட்டு எழுதிக்கொண்டு, "எத்தனை பெட்ரூம் பாக்கறீங்க?" என்றாள்.

"பெட்ரூம் இருக்குதுங்க. மிச்சத்தப் பாக்கலாம்னு வந்தேன்."

பதினேழாம் நம்பர் டோக்கன் கொடுத்தார்கள். வீடு பார்க்கிறவர்களோடு வரிசையில் நின்று, சாமந்திப்பூ வளைவைத் தாண்டித் தன் வீட்டு ஹாலுக்குள் நுழைந்தாள். இஸ்திரிச் சட்டையும் கழுத்தட்டையுமாக நின்றிருந்த சென்னியப்பன் அவளைப் பார்த்தான். பார்த்தான் என்று சொல்வதா என்று தெரியவில்லை. இத்தனை வாரம் ஆயிரம் பேரிடம் ஒரே பேச்சைப் பேசிப் பேசி அவன் கண் ஆட்களின் நெற்றிக்கு மேல் நாலு விரல் உயரத்தில் நிலைத்துப்போயிருந்தது.

"வாங்க மேடம், வாங்க. செருப்ப அக்கட்டால கழட்டிருங்க. இது எங்க ஹால். காத்தோட்டம், வெளிச்சம், மன நிம்மதி."

பத்தொன்பது வருஷத்தில் அவன் அவளை ஏ என்று கூப்பிட்டிருக்கிறான், இந்தா என்று கூப்பிட்டிருக்கிறான், மேடம் என்று கூப்பிட்டது இதுதான் முதல் தரம்.

"ஊட்டுல எத்தன பேருங்க?" என்று கேட்டாள்.

"நானும் எங்கூட்டுக்காரியும்தானுங்க."

"அவிங்க எங்கீங்க?"

"ஊருக்குப் போயிருக்கறாங்க."

"எந்த ஊருக்குங்க?"

சென்னியப்பன் யோசித்தான். எழுதிக் கொடுத்த தாளில் அது இல்லை. சிரித்துக்கொண்டே, "கிச்சனப் பாருங்க மேடம்" என்று வழிவிட்டான்.

அவள் கிச்சனைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக் கையசைத்தாள். மாராக்காள் "ஹை" என்று ஒரு குரல் கொடுக்க, செவலை பூ வளைவை முட்டிச் சாய்த்துக்கொண்டு ஹாலுக்குள் வந்தது. இந்தத் தடவை மூக்கணாங்கயிற்றை யாரும் திருப்பவில்லை. ஹால் முழுக்கச் சுற்றி, குளியலறைக்குள் தலையை விட்டுப் பார்த்து, அடுப்படிக்கு நடுவில் வந்து நின்று, பளபளவென்றிருந்த டைல்ஸ் மேல் நிதானமாகக் கோமியம் பெய்தது. வந்த சனங்கள் நிகழ்ச்சியில் இதுவும் ஒன்று என்று நினைத்துக் கைதட்டினார்கள், கொஞ்சம் பேர் பிடித்துத் தலையில் தெளித்துக்கொண்டார்கள். அதற்குள் சம்பூர்ணம் அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றிவிட்டாள். ஐயர் இல்லை, மந்திரம் இல்லை. "வா" என்று மட்டும் சொன்னாள். "எம்பட ஊடு நீ. வேண்டாம்னு சொன்னது தப்பு. வந்துரு."

பால் பொங்கியது. இரண்டு காம்புப் பால்தான், ஆனால் அடுப்பில் வழிந்து, மேடையில் வழிந்து, தரையில் இறங்கி, ஹாலைத் தாண்டி வெளியே ஓடி, காட்டின் மேல் வெள்ளைக் கோடாகப் போய், அந்தக் கடைசியில் நின்ற தலைவாசல் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. வீடு ஒரு குலுங்கு குலுங்கியது. "மேடம், மேடம், அது எங்க ப்ராப்பர்ட்டி!" என்று ஓடிவந்த ஜெயக்கண்ணன் வாஷ்பேசின் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"பேப்பர்ல உங்களுதாவே இருக்கட்டுமுங்க. மாசாமாசம் வாடகை வந்துரும். குடியிருக்கறவ நானு" என்றாள் சம்பூர்ணம்.

வந்தவர்கள் இறங்கிக்கொள்ள, செவலை முன்னால் நடக்க, வீடு அதன் பின்னால் கிளம்பியது. முப்பதடி போனதும் ஜெயக்கண்ணன் பிடியை விட்டுக் காட்டில் உட்கார்ந்தான். சென்னியப்பன் மட்டும் வீடு இருந்த வெறும் பொட்டலிலேயே நின்றான். ஹால் போனதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை. அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கியவர்களிடம் கட்டாந்தரையைக் காட்டி, "இது எங்க ஹால்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவர்களும் குனிந்து பார்த்து, விசாலமாகத்தான் இருக்கிறது என்றார்களாம்.

அறுபதும் நாற்பதும் சேர்ந்த இடத்தில் காவிக்கோடு பாலில் கரைந்து போயிருந்தது. மற்ற முப்பத்தொரு வீட்டுக்காரர்களும் வந்து பார்த்தார்கள், மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். நீங்களும் பால் காய்ச்சுங்களேன் என்று சம்பூர்ணம் சொன்னதற்கு, "சீசன் முடியட்டுங்கக்கா, எங்க கிச்சனுக்கு இப்பத்தான் நல்ல பேரு வந்திருக்குது" என்றாள் வசுமதி. இதைப் பற்றி ஆராய ஐந்து பேர் கொண்ட குழு அமைக்கலாம் என்றார் அர்த்தநாரி. அந்தக் குழு அடுப்பில்லாத ஒரு வீட்டில், டீ கூட இல்லாமல், இன்னமும் கூடிக்கொண்டிருக்கிறது.

ஆறரை மணிக்கு அழைப்பு மணி அடித்தது. சம்பூர்ணம் கதவைத் திறந்தாள். சென்னியப்பன் புழுதி படிந்த சட்டையோடு, கழுத்தில் அட்டையோடு நின்றான். நாள் பூராவும் கட்டாந்தரையில் நின்றதில் முகம் கறுத்துக் கிடந்தது. பாவம் என்று தோன்றியது, தோன்றாமல் இல்லை.

"சம்பூர்ணம், நகரு. காலெல்லாம் வலி. உள்ள வரோணும்."

இப்போது மட்டும் பேர் தெரிகிறது. அவள் நகரவில்லை.

"யாரு ஊடுன்னு நெனச்சு பெல்லடிக்கறீங்க?" என்று கேட்டாள்.

அவன் வாயைத் திறந்தான். காத்தோட்டம், வெளிச்சம் என்றுதான் வந்தது.

"இன்னைக்கு நேரம் முடிஞ்சுதுங்க சார்" என்றாள் சம்பூர்ணம், அவன் நெற்றிக்கு மேல் நாலு விரல் உயரத்தில் பார்த்துக்கொண்டு. "ஊடு பாக்கறதுன்னா அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க."

கதவைச் சாத்தினாள். நேரே அடுப்படிக்குப் போய், குடத்தை வைத்து, குழாயை முழுசாகத் திறந்தாள். குடம் நிறைந்து, வழிந்து, வாசற்படியில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கேட்கிற மாதிரி வெகுநேரம் வழிந்துகொண்டே இருந்தது.